ஆளுக்கொரு பட்டா வேண்டாம் என்றவர்கள்: சான் ஹுவான் கழிக்கரையில் ஒரு நிகழ்வு ஆய்வு

புறம்போக்கில் மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவரிடம் போய், "உங்கள் பெயருக்கே பட்டா தருகிறோம்" என்றால் யாராவது வேண்டாம் என்பார்களா? அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்ட கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவானில், மார்த்தின் பேன்யா என்ற கழியின் கரையில் இருந்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். கோபத்திலோ அறியாமையிலோ சொல்லவில்லை. இரண்டு வருடம் உட்கார்ந்து பேசி, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். நிலம் எல்லோருக்கும் பொதுவாக ஓர் அறக்கட்டளையின் பெயரில் இருக்கட்டும், அதன் மேல் நிற்கிற வீடு மட்டும் அவரவர் பெயரில் இருந்தால் போதும் என்றார்கள்.

சமூக நில அறக்கட்டளை என்று இந்த ஏற்பாட்டுக்குப் பெயர். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக அமெரிக்காவின் பர்லிங்டனையும் பாஸ்டனையும் காட்டுவார்கள். அவை நல்ல எடுத்துக்காட்டுகள்தான். ஆனால் அங்கே முதலில் அறக்கட்டளை நிலத்தை வாங்கியது, அப்புறம் வீடு வந்தது, கடைசியாக வீடு வாங்கக் குடும்பம் வந்தது. சான் ஹுவானில் எல்லாம் தலைகீழ். வீடு இருந்தது, குடும்பம் இருந்தது, நிலம்தான் சட்டத்தின் கண்ணில் வேறு யாருடையதாகவோ இருந்தது. உலகத்தின் பெரும்பாலான நகரங்களில் ஏழைகளின் நிலைமை இதுதான். அதனால்தான் இந்தக் கரையை எடுத்துக்கொள்கிறேன்.

கழியும் கரையும்

மார்த்தின் பேன்யா யாரும் வெட்டிய வாய்க்கால் அல்ல. கடல் ஏறி இறங்கும் உப்பங்கழி. சான் ஹுவான் வளைகுடாவையும் சான் ஹோசே காயலையும் இணைத்துக்கொண்டு நகரத்தின் நடுவே சுமார் 6 கிலோமீட்டர் ஓடுகிறது. ஓடியது என்பதுதான் சரி. ஒரு காலத்தில் படகு போன இடம். கிழக்குப் பாதியில் சுமார் மூன்றரை கிலோமீட்டருக்கு மண்ணும் குப்பையும் டயரும் பழைய ஃபிரிட்ஜும் சேர்ந்து, சில இடங்களில் தண்ணீரே கண்ணில் படாத அளவுக்குத் தூர்ந்துபோனது.

1928-லும் 1932-லும் தீவைப் பெரும் புயல்கள் அடித்தன. கரும்புத் தோட்ட வேலையும் படுத்துவிட்டது. பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்த நாட்டுப்புறத்து மக்களுக்குக் கிடைத்த ஒரே இடம், யாருக்கும் வேண்டாத இந்த அலையாத்திச் சதுப்பு. முளைக்கம்பு நட்டு, பலகை அடித்து, கீழே கிடைத்த கல்லையும் குப்பையையும் கொட்டி மேடாக்கி வீடு கட்டினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கழி குறுகியது, கரை அகலமானது. அதாவது அவர்கள் குடியிருந்தது ஆக்கிரமித்த நிலம் மட்டும் அல்ல, பெரும்பாலும் அவர்களே உண்டாக்கிய நிலம்.

கரையில் இருந்த குடியிருப்புகளில் ஒன்றின் பெயர் எல் ஃபங்கித்தோ. சேறு என்ற சொல்லைக் கொஞ்சம் கொஞ்சிச் சொன்னால் வரும் பெயர். நூற்றாண்டின் நடுவில் அதை அரசு அப்படியே அகற்றியது. பிறகு 1980-களில் கழியின் மேற்குப் பாதியைத் தூர் வாரிப் படகுப் போக்குவரத்துக்குத் திறந்தபோது அந்தப் பக்கக் கரையில் இருந்தவர்களும் போக வேண்டியிருந்தது. கிழக்குப் பாதிக்காரர்கள் இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள். தூர் வாரப் போகிறோம் என்று அரசு சொன்னால், பொக்லைன் முதலில் யார் வீட்டு வாசலுக்கு வரும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிழக்குப் பாதியில் எட்டு குடியிருப்புகள், சுமார் 25,000 பேர். பாரியோ ஒப்ரேரோ, லாஸ் மோன்ஹாஸ், புவேனா விஸ்தா, இஸ்ரயேல்-பித்துமுல், கந்தேரா என்று பெயர்கள். தெருக்கள் ஒடுக்கம், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். பல இடங்களில் பாதாளச் சாக்கடை கிடையாது, கழிவுநீர் நேராகக் கழிக்குத்தான் போகிறது. கழி அடைத்துக்கொண்டிருப்பதால் பெருமழை வந்தால் போன தண்ணீர் போன வழியிலேயே திரும்பி வரும். கழிவறைத் துளையில் இருந்தும் குளியலறைச் சாக்கடையில் இருந்தும் கறுப்புத் தண்ணீர் ஏறி நடுக்கூடத்துக்கு வந்துவிடும். குழந்தைகளுக்குத் தோலில் சொறியும் வயிற்றுப்போக்கும் இங்கே மழைக்காலத்தின் வாடிக்கை.

இன்னொரு பக்கம், இந்த வீடுகளின் மொட்டை மாடியில் நின்று பார்த்தால் ஆதோ ரே தெரியும். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வரிசையாக நிற்கிற இடம், அதைத் தங்க மைல் என்றே அழைக்கிறார்கள். நடந்து போகிற தூரம். மொத்தக் கதையின் முடிச்சும் அந்த நடை தூரத்தில்தான் இருக்கிறது.

எழுநூறு கூட்டங்கள்

2001-ல் ஆளுநரான சிலா கால்தெரோனின் அரசு, கிழக்குப் பாதியையும் தூர் வார முடிவெடுத்தது. பொறுப்பு நெடுஞ்சாலைத் துறையின் கையில். இப்படிப்பட்ட வேலையில் வழக்கமாக நடப்பது நமக்குத் தெரியும்: திட்ட அறிக்கை, டெண்டர், ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம், நோட்டீஸ். இங்கே யாரோ புத்திசாலித்தனமாக வரிசையை மாற்றினார்கள். பொறியாளர்களுக்கு முன்னால் சமூகப் பணியாளர்களும் நகரத் திட்டமிடுநர்களும் தெருவுக்குள் போனார்கள். பின்னாளில் திட்ட நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் நீண்ட காலம் இருந்த லிவியா ரோத்ரீகஸ் தெல் வாயே அவர்களில் ஒருவர்.

2002-க்கும் 2004-க்கும் இடையில் சுமார் 700 கூட்டங்கள் நடந்தன. இந்த எண்ணை வேகமாகப் படித்துவிட்டுத் தாண்டிப் போகாமல் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். இரண்டு வருடத்துக்குச் சராசரியாக நாளுக்கு ஒன்று. வேலை முடிந்து வந்தவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வடிகால் எங்கே, எந்தத் தெருவை அகலமாக்குவது, யார் வீடு போகும், போனால் எங்கே போவது என்று ஒவ்வொன்றாகப் பேசினார்கள். எட்டுக் குடியிருப்புகளின் அமைப்புகளும் ஒன்றாகச் சேர்ந்து ஜி-8 என்று பெயர் வைத்துக்கொண்டன. பணக்கார நாடுகளின் கூட்டமைப்புக்கு அப்போது அதே பெயர். இதில் குறும்பு இல்லை என்றால் நான் நம்ப மாட்டேன்.

பேச்சு ஒரு கட்டத்தில் சாக்கடையைத் தாண்டிப் போனது. சரி, தூர் வாரியாகிவிட்டது, தண்ணீர் தெளிந்துவிட்டது, கரையில் நடைபாதையும் மரமும் வந்துவிட்டன. அப்போது இங்கே யார் இருப்பார்கள்?

ஒரு பேச்சுக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பதினைந்தடி முகப்பு, இரண்டு அறை, மேலே தகரம். வீட்டுக்காரம்மாவின் பெயருக்குத் தனிப்பட்டா வந்துவிட்டது. தூர் வாரிய மறு வருடம் ஒரு புரோக்கர் வருகிறார். சாக்கடைக் காலத்தில் 20,000 டாலர் பெறாத இடத்துக்கு 60,000 தருகிறேன் என்கிறார். அந்தம்மா வாழ்நாளில் பார்க்காத தொகை. மகனுக்குக் கடன், மகளுக்குப் படிப்பு. விற்கிறார். விற்ற பிறகுதான் தெரிகிறது, அந்தப் பணத்துக்கு அதே நகரத்தில் வேறு வீடு கிடைக்காது என்று. ஊருக்கு வெளியே இரண்டு பஸ் மாறிப் போகிற இடத்தில்தான் கிடைக்கும். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று பத்து வீடு கைமாறினால் தெருக்கோடியில் கடன் சொல்லிச் சாமான் வாங்கிய மளிகைக் கடை மூடிக்கொள்ளும். வாடகைக்கு இருப்பவர்கள் சொல்லாமல் கிளம்புவார்கள். விற்கவே மாட்டேன் என்று இருந்தவரும் ஒருநாள் யோசிக்க ஆரம்பிப்பார். இதில் யாரும் யாரையும் மிரட்டவில்லை. ஒவ்வொரு கிரயமும் சட்டப்படி செல்லும். (தொகைகள் என் கற்பனை, கதை அல்ல.)

தனிப்பட்டா பொக்லைனிடம் இருந்து காப்பாற்றும், புரோக்கரிடம் இருந்து காப்பாற்றாது. இந்த நிகழ்வில் இருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த ஒரு விஷயம்தான், மற்றதெல்லாம் இதன் விவரம். பட்டா என்பதே அந்த மக்களுக்குப் புதிதும் இல்லை. 1975-ல் வந்த ஒரு சட்டத்தின்கீழ், இப்படிக் குடியேறியவர்களுக்கு ஒரே ஒரு டாலர் வாங்கிக்கொண்டு நிலத்தை எழுதிக்கொடுத்த வழக்கம் தீவில் இருந்தது. கழிக்கரையிலும் பலர் அப்படி வாங்கியிருந்தார்கள், பலருக்குக் கிடைக்கவில்லை. தனிப்பட்டா, கூட்டுறவுச் சங்கம், நில அறக்கட்டளை என்று வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். கடைசியில் அறக்கட்டளைக்கு வந்து சேர்ந்தார்கள்.

மண் ஒருவருக்கு, வீடு ஒருவருக்கு

2004 செப்டம்பரில் 489-ஆம் எண் சட்டம் நிறைவேறியது. அது மூன்று கால்களை நட்டது. என்லாஸே என்ற அரசு நிறுவனம் தூர் வாரும் வேலையையும் மறுகுடியேற்றத்தையும் பார்க்கும். ஜி-8 மக்களின் குரலாக இருந்து அதைக் கண்காணிக்கும். மூன்றாவதுதான் ஃபிதேகோமிசோ, அதாவது நில அறக்கட்டளை. அரசு அமைப்புகளின் பெயரில் அங்குமிங்கும் சிதறிக் கிடந்த ஏறத்தாழ 200 ஏக்கர் நிலம் அதன் பெயருக்கு மாறும். நிர்வாகக் குழுவில் குடியிருப்பவர்களே பெரும்பான்மை, அரசின் ஆட்கள் சிறுபான்மை. நிலத்தை விற்க அந்தக் குழுவுக்கே அதிகாரம் கிடையாது.

சரி, வீட்டுக்காரர் கையில் என்ன இருக்கும்? ஒரு பத்திரம். ஆனால் அது நிலத்துக்கானது அல்ல, மேற்பரப்பு உரிமைக்கானது. ஸ்பானிய மரபில் வந்த சட்டத்தில், ஒருவர் மண்ணின் மேல் இன்னொருவர் கட்டிடம் வைத்திருக்கும் உரிமையைத் தனிச் சொத்தாகவே பதிவு செய்யலாம். சர்வேயர் வந்து, வீடு நிற்கிற இடத்தை ஓரம் ஓரமாக அளக்கிறார். நோட்டரி முன்னால் கையெழுத்தாகிறது. சொத்துப் பதிவேட்டில் ஏறுகிறது. அதன் பிறகு அந்த வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம், அடமானம் வைக்கலாம், விற்கவும் செய்யலாம். விற்கும்போது மட்டும் முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமை அறக்கட்டளைக்கு. பாஸ்டனின் டட்லி தெருப் பகுதியில் இதே வேலையை 99 வருடக் குத்தகைப் பத்திரம் செய்கிறது. உள்ளே இருக்கும் யோசனை ஒன்றுதான்: மண்ணின் விலையை வீட்டின் விலையில் இருந்து கழற்றிவிடுவது.

இதில் வீட்டுக்காரர் இழப்பது ஒன்று உண்டு, அதை மறைக்கிற பிரசாரம் எனக்குப் பிடிப்பதில்லை. நிலத்தின் விலை ஏறினால் அந்த ஏற்றம் அவர் பைக்கு முழுசாக வராது. பர்லிங்டனில் இதை வெளிப்படையாக எண்ணிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வீட்டை விற்கிறவருக்குப் போட்ட முதல் திரும்பக் கிடைக்கும், மதிப்பு கூடியதில் 25 சதவீதம் கிடைக்கும், மீதி வீட்டோடு தங்கி அடுத்து வாங்குபவருக்கு விலையைக் குறைக்கும். 1984-ல் மேயராக இருந்த பெர்னி சாண்டர்ஸின் நகராட்சி 2,00,000 டாலர் கொடுத்துத் தொடங்கி வைத்த அறக்கட்டளை அது. இன்றும் நடக்கிறது. சொந்த வீடு என்பதைச் சேமிப்பாகப் பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு கசக்கும், தலைக்கு மேல் கூரையாகப் பார்ப்பவருக்குக் கசக்காது. கழிக்கரைக்காரர்கள் எந்தப் பக்கம் என்று அவர்களே கூடிப் பேசி முடிவெடுத்தார்கள் என்பதுதான் முக்கியம், வேறொருவர் அவர்களுக்காக முடிவெடுக்கவில்லை.

பொது நிலத்தால் உடனடியாகக் கிடைத்த ஒரு லாபத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தூர் வாரவும் கரைச் சாலை போடவும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் நீரோரத்தில் இருந்து நகர வேண்டும். தனித்தனி மனைகளாக இருந்தால் இழப்பீட்டுத் தொகையைக் கொடுத்து ஊருக்கு வெளியே அனுப்புவதைத் தவிர வழி இருக்காது. நிலம் மொத்தமாக ஒரு கையில் இருப்பதால் உள்ளே காலியாக இருக்கும் இடத்தில் வீடு கொடுத்து, பழைய இடத்தை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாறாது, பாட்டிக்குப் பக்கத்து வீட்டுக்காரி மாற மாட்டாள்.

நடுவில் ஒரு பழைய உறவு

இந்த யோசனையின் வேரில் நம் மண்ணும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. 1951-ல் வினோபா பாவே தொடங்கிய பூதானம், தனியாளுக்குக் கொடுத்த துண்டு நிலம் ஏழையிடம் நிற்பதில்லை என்ற அனுபவத்தோடு கிராமதானமாக வளர்ந்தது. நிலம் ஊருக்கு, உழுவது குடும்பத்துக்கு. தமிழ்நாட்டில் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் ஊர் ஊராக நடந்து கொண்டுபோனது இதைத்தான். 1969-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், வாக்குரிமைக்குப் போராடியதற்காக நிலத்தில் இருந்து விரட்டப்பட்ட கறுப்பின விவசாயிகளுக்காக ஸ்லேட்டர் கிங், சார்லஸ் ஷெராட், ராபர்ட் ஸ்வான் போன்றவர்கள் 'நியூ கம்யூனிட்டீஸ்' என்ற முதல் சமூக நில அறக்கட்டளையை உருவாக்கினார்கள். அப்போது அவர்கள் முன்னால் இருந்த மாதிரிகளில் கிராமதானமும் ஒன்று. சுமார் 5,700 ஏக்கர் பண்ணை அது. வறட்சியாலும் கடனாலும் 1985-ல் கையை விட்டுப் போனது. ஆனால் அதற்குள் யோசனை நகரங்களுக்கு வந்துவிட்டது.

சட்டம் கொடுத்ததைச் சட்டம் பிடுங்கியது

2008 நவம்பர் தேர்தலில் புவேர்ட்டோ ரிக்கோவில் ஆட்சி மாறியது. 2009 ஜூனில் புதிய சட்டமன்றம் ஒரு திருத்தத்தை நிறைவேற்றி, அறக்கட்டளைக்குப் போன நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. சொன்ன காரணம் கேட்பதற்கு இனிமையானது: மக்களுக்குத் தனித்தனியாக உரிமைப் பத்திரம் கொடுக்கப் போகிறோம். உங்கள் நிலத்தை ஏன் ஒரு குழு வைத்திருக்க வேண்டும், உங்கள் பெயரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

இதுதான் இந்த நிகழ்வின் உண்மையான பரீட்சை. அறக்கட்டளை என்பது மேலிருந்து இறக்கிய ஏற்பாடாக இருந்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். கையில் பத்திரம் தருகிறேன் என்றால் ஆள் சேர எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் தெருவில் இருந்தவர்களுக்குப் புரோக்கர் கணக்கு அத்துப்படியாகி ஐந்து வருடம் ஆகியிருந்தது. எழுநூறு கூட்டங்கள் விதைத்தது அந்தக் கணக்கைத்தான். ஊர்வலம் போனார்கள், சட்டமன்றத்துக்கு முன்னால் நின்றார்கள், நீதிமன்றப் படியும் ஏறினார்கள். நிலம் திரும்பி வந்தது நீதிமன்றத்தின் வழியாக அல்ல. ஆட்சி மறுபடியும் மாறிய பிறகு, 2013-ல் இன்னொரு சட்டத்தின் வழியாகத்தான் வந்தது. நடுவில் நான்கு வருடம் போனது போனதுதான்.

பாஸ்டனின் டட்லி அமைப்பு நிலத்தைத் தன் பெயரில் கிரயமாக வாங்கி வைத்திருக்கிறது. 1988-ல் காலி மனைகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே நகர அமைப்பிடம் கேட்டு வாங்கியது. அதோடு ஒப்பிட்டால் சான் ஹுவான் அறக்கட்டளையின் பலவீனம் தெரிகிறது. அரசு ஒரே கையெழுத்தில் கொடுத்த நிலம், ஒரே கையெழுத்தில் போய்விடும். ஒவ்வொரு வீட்டுக்கும் மேற்பரப்பு உரிமைப் பத்திரம் பதிவாகிவிட்டால் பிடுங்குவது கடினம், ஏனென்றால் அப்போது அரசு ஒரு அறக்கட்டளையோடு அல்ல, நூற்றுக்கணக்கான தனிச் சொத்துரிமைகளோடு மோத வேண்டும். ஆனால் பத்திரப் பதிவு நத்தை வேகத்தில்தான் நடந்தது. அளவு சரியாக இருக்க வேண்டும், வாரிசுச் சிக்கல் தீர வேண்டும், நோட்டரி வேண்டும். 2009-க்கு முன்பே பாதிக் குடும்பங்களுக்காவது பத்திரம் பதிவாகியிருந்தால் அந்தத் திருத்தத்தை நிறைவேற்ற அவ்வளவு எளிதில் துணிந்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

மரியா வந்த பிறகு

2016-ல் இந்த அறக்கட்டளைக்கு உலக வாழ்விட விருது கிடைத்தது. மறு வருடம், 2017 செப்டம்பர் 20-ஆம் தேதி, மரியா புயல் தீவின் குறுக்கே போனது. கழிக்கரையில் தகரக் கூரைகள் பறந்தன. அமெரிக்கப் பேரிடர் நிவாரண அமைப்பு வீட்டைச் சரிசெய்யப் பணம் கொடுப்பதற்கு முதலில் கேட்டது உரிமைக்கான ஆதாரத்தை. தீவு முழுக்க, பத்திரம் இல்லாத வீடுகளில் இருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் மனு நிராகரிக்கப்பட்டு நின்றார்கள். பத்திரம் என்பது அடமானத்துக்கும் விற்பனைக்கும் மட்டும் அல்ல, தார்ப்பாய்க்கும் தேவைப்படும் என்று அன்று தெரிந்தது. கரையில் ஜி-8 ஆட்களிடம் தெரு வாரியாக யார் எங்கே இருக்கிறார்கள், யார் தனியாக இருக்கும் முதியவர் என்ற விவரம் ஏற்கெனவே இருந்தது. வீடு வீடாகப் போய் நீலத் தார்ப்பாய் கட்டும் வேலையை அவர்களே ஒழுங்குபடுத்தினார்கள்.

புயலுக்குப் பிறகு வந்த நெருக்கடி வேறு மாதிரி. வெளியிலிருந்து குடியேறும் முதலீட்டாளர்களுக்கு 2012-ல் இருந்தே பெரிய வரிச்சலுகை உண்டு. மரியாவுக்குப் பிறகு தீவைவிட்டு ஏழைகள் வெளியேற, பணம் உள்ளவர்கள் உள்ளே வர, சான் ஹுவானில் வீட்டு விலை மேலே போனது. 2002-ல் கூட்டத்தில் கணக்காகப் போட்டுப் பார்த்த புரோக்கர், பக்கத்துப் பேட்டைகளில் நிஜமாகவே நடமாட ஆரம்பித்தார்.

2018-ல் பிரேசிலின் ரியோ தி ஜெனிரோவில் ஃபவேலாக்கள் எனப்படும் ஏழைக் குடியிருப்புகளில் இருந்து அழைப்பு வந்து, கழிக்கரைக்காரர்கள் அங்கே போய்ப் பட்டறை நடத்தினார்கள். ஒலிம்பிக்ஸுக்காக வீடிழந்த அனுபவம் அந்த ஊருக்கு அப்போதுதான் ஏற்பட்டிருந்தது. தனிப்பட்டா கேட்டுப் போராடிக்கொண்டிருந்தவர்களிடம் போய், அதிலும் ஓட்டை இருக்கிறது என்று சொல்ல நிபுணர்களைவிட இவர்களுக்குத்தான் தகுதி அதிகம்.

தூர் வாரும் வேலைக்கான பெரிய பணம் 2022 ஜனவரியில்தான் உறுதியானது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவுக்கு 16.3 கோடி டாலர் ஒதுக்கீடு. முதல் கூட்டம் நடந்து இருபது வருடம். அன்று அம்மா மடியில் உட்கார்ந்து கூட்டத்துக்கு வந்த குழந்தைகள் இப்போது ஓட்டுப் போடுகிறார்கள்.

இனிமேல்தான் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கழி திறந்து, தண்ணீர் ஓடி, கரையோர வீட்டுக்காரர் ஒருவர் விற்கிறேன் என்று வருவார். அறக்கட்டளைக்கு முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது, பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் அந்த உரிமையைக் கையில் எடுக்கக் கையில் ரொக்கம் வேண்டும், அதுவும் குறித்த நாளுக்குள். மானியத்தில் ஓடுகிற அமைப்புகளுக்கு எப்போதும் இடிக்கிற இடம் அதுதான். பர்லிங்டனில் நகராட்சி ஊழியர்களின் ஓய்வூதிய நிதியில் இருந்து கடன் வாங்கிச் சமாளித்தார்கள். திவாலாகி மீண்டுகொண்டிருக்கிற ஒரு தீவில் அப்படி ஒரு கதவு எங்கே திறக்கும் என்பதை, முதல் புரோக்கர் வருவதற்கு முன்பே ஃபிதேகோமிசோ கண்டுபிடித்து வைத்திருக்க வேண்டும்.